ஒன்பது மூட்டை நாள்

தொழிற்சாலையில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள். எடை அறையில் பதினோரு வருடம். நானூற்று ஐம்பது கிராம் என்றால் கரண்டி ஒரு தடவை உள்ளே போய் வரும், விளிம்பில் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்; தராசின் சிவப்பு எண்கள் கேட்ட இடத்தில் வந்து நின்றுவிடும். கடையில் சோப்புத் தூள் வாங்கப் போனால் கடைக்காரர் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வார். அவள் பார்க்கிற பார்வையில், நிறுத்து முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடுகிறதாம்.

நாற்பத்தாறு வயது. குள்ளம். படிக்கிற கண்ணாடி எப்போதும் தலைமுடிக்குள் செருகியிருக்கும். அதைத் தேடுவதில் மட்டும் தினமும் பத்து நிமிடம் போகும். வீட்டில் துண்டுகள் நான்காக மடித்து, மடிப்பு வெளிப்பக்கம் தெரிய அடுக்கியிருக்க வேண்டும். யாராவது வரப்போகிறார்கள் என்றால் வாசல் கதவின் கைப்பிடிக்குப் பின்பக்கம்கூடத் துடைப்பாள். "வர்றவங்க கதவைப் பிரிச்சா பாக்கப் போறாங்க?" என்பார் கணவர். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் சமையல்காரர். நானூறு பேருக்கு அளவாகச் சமைப்பார். வீட்டில் மூன்று பேருக்குச் செய்யச் சொன்னால் தெருவுக்கே பந்தி போடுகிற அளவுக்கு வந்து நிற்கும். அதனால் வீட்டு அடுப்பு அவளுடையது.

மூன்றாவது ஆள் அவள் நாத்தனார், கணவரின் தங்கை. அதே தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. அண்ணியைவிட ஒன்பது வயது இளையவள், உயரம் ஒரு முழம் கூடுதல், வாய் இரண்டு முழம் கூடுதல். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வருவார்கள். வழியெல்லாம் நாத்தனார் பேசுவாள், அண்ணி 'ம்' கொட்டுவாள். ஒரு 'ம்' குறைந்தாலும் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தொழிற்சாலையில் கறுப்பு பிளாஸ்டிக் மணிகள் செய்கிறார்கள். மின்கருவிகளின் நுண்ணிய பாகங்களை அடுக்கி வைக்கிற தட்டுகள் அவற்றிலிருந்து வருகின்றன. மின்பொறி தட்டாமல் இருப்பதற்காகப் பிளாஸ்டிக்கோடு ஒரு கரித்தூளைக் கலக்க வேண்டும். முன்பெல்லாம் சாதாரணக் கரிப்பொடி. மூன்று வருடமாக நானோ தூள். தூள் என்று பெயரே தவிர, அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத இழைகள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம் என்று வகுப்பெடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். மூட்டை என்றுதான் பேச்சு, ஆனால் தூக்கினால் தலையணைக் கனம்கூட இருக்காது. பிரித்த மூட்டைக்குப் பக்கத்தில் பலமாக மூச்சு விட்டால் போதும், எழுந்து நின்றுகொள்ளும். விலையும் அதிகம், கோபமும் அதிகம் என்பதால் எடை அறையில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். "சத்தம் போடாதீங்க, மாப்பிள்ளை எழுந்துக்குவாரு" என்று சொல்லித்தான் மூட்டையின் வாயைப் பிரிப்பார்கள்.

நாளொன்றுக்குப் பதினான்கு மூட்டை. வாயைக் கத்தரித்து, அள்ளி, நிறுத்து, சின்ன உறைகளில் போட்டுக் கலவை இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறினால் ஒட்டியிருப்பதும் வந்துவிடும். பிறகு வெறும் மூட்டையை மேஜையில் போட்டு, உள்ளங்கையால் காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக மடித்துக் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் மேஜையையும் உடுப்பையும் காற்றுக் குழாயால் ஊதிவிட்டால் ஆள் புதிதாகிவிடலாம். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பு வரும், முழங்கை மடிப்பில் மையிட்டது போல ஒரு கோடு நிற்கும். அவள் பொருட்படுத்தியதில்லை. கழுவினால் போகிற அழுக்கு ஒரு அழுக்கா என்பது அவள் கட்சி. காகித முகமூடி கொடுத்திருந்தார்கள். போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று மோவாய்க்குக் கீழே தொங்கவிட்டிருப்பாள்.

மணிகளை வாங்குகிற ஒரு வெளிநாட்டு நிறுவனம் கடிதம் போட்டது. தூளைக் கையாளுகிறவர்களின் மூச்சுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் விசாரித்ததில், எடை மேஜைக்கு ஒரு உறிஞ்சு கூண்டு வைக்கலாம் என்றார்கள். முன்பக்கம் கண்ணாடி, கை நுழைக்க இரண்டு ஓட்டை, மேலே காற்றை இழுத்து வடிகட்டுகிற விசிறி. ஆனால் வாங்குவதற்கு முன் அறைக் காற்றில் தூள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்போம், அளவு கூடுதலாக இருந்தால் கூண்டு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடிவாயிற்று. அளப்பதற்கு வெளியிலிருந்து ஒரு பெண் வருவார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அளவுக்காரம்மா என்று அவர் வருவதற்கு முன்பே பெயர் வைத்தாயிற்று. தையற்காரர் வருகிற மாதிரி, இடுப்பு அளவும் எடுப்பார்களா என்று கலவை இயந்திரக்காரர் கேட்டார்.

எடை அறைக்கு ஆள் வருகிறது என்றதும் தராசக்காவின் கை சும்மா இருக்குமா? முதல் நாள் வேலை முடிந்ததும் அறையை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தாள். அலமாரிக்குப் பின்னால், குழல்விளக்கின் மேல்பக்கம், தராசின் காலடி எல்லாம் துடைத்தாயிற்று. மறுநாள் அளவுக்காரம்மா வந்து ஒரு சின்னப் பெட்டியை அவள் இடுப்பில் கட்டினார். அதிலிருந்து ஒரு குழாய் முதுகுப் பக்கமாக ஏறி, காலரில் ஒரு பொத்தான் அளவு வடிகட்டியோடு முடிந்தது. நீங்கள் இழுக்கிற காற்றைத்தான் இதுவும் இழுக்கும், எப்போதும் போல வேலை செய்யுங்கள் என்றார். தராசக்கா தலையாட்டினாள்.

அன்று அவள் எப்போதும் போல வேலை செய்யவில்லை. கரண்டியை மூட்டைக்குள் ஆழ இறக்கி, அலுங்காமல் எடுத்தாள். மூட்டையை உதறவில்லை, ஒட்டியிருந்தது ஒட்டியபடியே போகட்டும் என்று வாயை முறுக்கிக் கட்டிக் குப்பைத் தொட்டியில் வைத்தாள். காற்றை அழுத்தி மடிக்கவில்லை. காற்றுக் குழாயைத் தொடவே இல்லை. முகமூடி மூக்குக்கு மேலே இருந்தது. கலவை இயந்திரக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உறை வரவில்லையே என்று கேட்க நினைத்து, அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சாயங்காலம் ஒன்பது மூட்டை முடிந்திருந்தது. சூப்பர்வைசரிடம் கணக்கைச் சொன்னாள். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்று சொல்வதால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். அன்றைக்கும் ஆகட்டும் என்றார்.

ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பாயை உதறிப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. அளவு மிகக் குறைவு, கவலைப்பட ஏதுமில்லை. மேனேஜர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். எடை அறையைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கீழே கையால் எழுதியிருந்தார். இரண்டு நாள் தராசக்கா சாப்பாட்டு அறைக்கு அந்தப் பலகை இருக்கும் வழியாகவே போனாள். கூண்டு வேண்டாம் என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை அதைச் செய்துகொடுப்பவர்களுக்குக் கடிதம் போய்விடும். அது மட்டுமல்ல, காற்று இவ்வளவு சுத்தமாக இருக்கிறபோது அந்த அறையிலேயே இன்னொரு மேஜை போடலாம், புது ஆர்டருக்கு நாளொன்றுக்கு இருபத்தெட்டு மூட்டை நிறுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டாவது மேஜைக்கு நாத்தனார் பெயரைக் கொடுத்தவள் தராசக்காதான். பொட்டலப் பிரிவில் நின்று நின்று நாத்தனாருக்குக் கால் வீங்கும். இங்கே ஸ்டூல் உண்டு, சம்பளமும் கொஞ்சம் கூடுதல்.

திங்கட்கிழமை நாத்தனார் புது உடுப்பில் வந்து உட்கார்ந்தாள். தராசக்கா வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். நாத்தனார் கவனமான ஆள்தான். பலகையில் ஒட்டியிருந்த அறிக்கையை, அன்று எப்படி அள்ளினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்பதுவரை படித்துவிட்டு வந்திருந்தாள். கரண்டியை மெல்ல இறக்கி, மெல்ல எடுத்து, மூட்டையை உதறாமல் வாயை முறுக்கப் போனாள்.

"இப்படிப் பண்ணினா பொழுது சாயறதுக்குள்ள எட்டுகூட முடியாது," என்றாள் தராசக்கா. மூட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து உதறினாள். மேஜையில் போட்டு உள்ளங்கையால் அழுத்தினாள். மூட்டையின் வாயிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. நாத்தனாரின் முன்நெற்றி முடி அதில் ஆடியது.

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விரலில் கறுப்பு. அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"இப்படித்தான் தினமும் பண்ணுவீங்களா அண்ணி?"

"பின்ன?"

"அளக்க வந்த அன்னிக்கும் இப்படியா?"

"அன்னிக்கு ஆள் வந்திருந்தாங்க இல்ல. கொஞ்சம் நிதானமா பண்ணினேன்."

"அப்ப அவங்க அளந்தது யாரை?"

கிண்டலாக இல்லை. கணக்குப் புரியாதவள் கேட்பது போலத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த மூட்டையைக் கத்தரிக்கப் போய்விட்டாள். தராசக்கா மடித்த மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பதினோரு வருடத்தில் ஒரு கிராம் பொய் சொன்னதில்லை அவள் தராசு. இப்போது அறிவிப்புப் பலகையில் ஒரு முழுப் பொய் அவள் பெயரில் ஒட்டியிருந்தது. அதை நம்பித்தான் பக்கத்து ஸ்டூலில் இவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு மாலை பஸ்ஸில் அவள் ஒரு 'ம்' கூடக் கொட்டவில்லை.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு ஆய்வு வருகிற நாளில் மட்டும் சமையற்கூடத்தில் எல்லோரும் வெள்ளைத் தொப்பி போடுவார்களாம். அடுத்த நாள் தொப்பியெல்லாம் துவைத்து மடித்து பீரோவுக்குள் போய்விடும். ஆய்வுக்காரர்களுக்கும் அது தெரியும், ஊர் உலகத்துக்கே தெரியும், யார் கேட்டார்கள் என்றார்.

"உங்க தொப்பி இல்லைன்னா சாப்பாட்டுல ஒரு முடி விழும். எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடலாம்," என்றாள் அவள். "இதை எடுத்துப் போட முடியாதேங்க."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். நாத்தனார் உள்ளே தொலைபேசியில் யாரிடமோ புது வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவளை மறுபடியும் பொட்டலம் கட்டப் போகச் சொன்னா உன்னை உயிரோட விடமாட்டா," என்றார் அவர். "ஆனா சொல்லிடு."

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தாள். ஆகட்டும் என்று சொல்லாமல் அவர் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். அறிக்கை வந்தாயிற்று, ஒட்டியாயிற்று, மேலிடம் வரைக்கும் போயாயிற்று, இப்போது போய்க் கிளறினால் முதலில் கெட்ட பேர் உனக்குத்தான், அடுத்தது எனக்கு, பேசாமல் நிறு என்றார். அவள் பேசாமல் பலகைக்குப் போய், அறிக்கையின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்று அளவுக்காரம்மாவைக் கூப்பிட்டாள். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். உதறாதது, மடிக்காதது, ஊதாதது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்தில் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"ஒன்பது மூட்டைன்னு என் குறிப்புல இருக்கு," என்றார் அளவுக்காரம்மா. "மத்த நாள்ல எத்தனைன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. அது என் தப்பு அக்கா."

மறுபடியும் அளக்க வேண்டுமென்றால் கம்பெனிதான் கேட்க வேண்டும், மேனேஜரிடம் நீங்கள் சொல்லுங்கள், அவர் என்னைக் கேட்டால் முதல் அளவை நம்ப வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன் என்றார். அந்தத் தூள் உள்ளே போனால் என்ன ஆகும் என்று தராசக்கா கேட்டாள். அவர் ஒளித்துப் பேசவில்லை. ரொம்பப் புதுப் பொருள், மனிதர்களிடம் பத்து இருபது வருடம் கழித்து என்ன செய்யும் என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, எலிகளின் நுரையீரலில் சில வகை இழைகள் செய்தது நன்றாக இல்லை, தெரியாதவரைக்கும் மூச்சில் விடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார். தெரியாது என்று ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் வயிற்றெரிச்சல் மாத்திரையைச் சப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாராட்டுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

மாத்திரை வாயிலேயே நின்றுவிட்டது. "அப்ப எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஏமாத்தணும்னு செய்யலை சார். வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டித் துடைப்போம் இல்ல, அப்படிச் செஞ்சுட்டேன். அது தப்புன்னு இப்பத்தான் உறைக்குது."

"அறிக்கை கையெழுத்தாகி வாங்கறவங்களுக்கும் போயாச்சும்மா. திரும்ப அளந்தா திரும்பச் செலவு. அளவு வந்தது வந்ததுதான்."

"சரி சார்," என்றாள் தராசக்கா. "அந்த அளவுதான் கணக்குன்னா எனக்கும் சம்மதம். ஆனா அந்த அளவு வரணும்னா ஒரு நாளைக்கு ஒன்பது மூட்டைதான் நிறுக்க முடியும். பதினாலு நிறுத்தா அந்தக் காகிதம் பொய்யாயிடும். நான் அன்னிக்கு மாதிரியே தினமும் பண்றேன். ரெண்டு மேஜைக்கும் சேத்துப் பதினெட்டு வரும்."

அவள் மிரட்டவில்லை. நானூற்று ஐம்பது கிராம் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். மேனேஜர் மேஜையில் கிடந்த புது ஆர்டரைப் பார்த்தார். இருபத்தெட்டு என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. ஜன்னலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, சுவர்தான். "அந்தக் கூண்டு இருந்தா எத்தனை நிறுப்பீங்க?" என்று கேட்டார்.

"இருந்தாத்தான் சார் சொல்ல முடியும். நிறுக்காம எதையும் சொல்லிப் பழக்கமில்லை."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, மாத்திரை புரைக்கேறியதா என்று தெரியவில்லை, இருமினார். வெள்ளிக்கிழமைக் கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அளவுக்காரம்மாவின் எண் எங்கே என்று கேட்டார். காலையில் மறுபடியும் எழுதிக்கொண்டு வந்திருந்த உள்ளங்கையை அவள் நீட்டினாள்.

விஷயம் பரவியதும் இரண்டு நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. பலகையிலிருந்த அறிக்கை இறங்கிவிட்டது. சூப்பர்வைசர் ஆகட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனார் வீட்டில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். மறுஅளவு முடியும்வரை இரண்டாவது மேஜைக்கு வேலை இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "மூணு நாள் ஸ்டூல்ல உக்காந்தேன், அது உங்களுக்குப் பொறுக்கலை," என்றாள். சிறிது நேரம் கழித்து நாத்தனாரே வந்து, "நான் கேக்காம இருந்திருந்தா?" என்றாள். "நீ கேக்காம எங்க இருந்தே?" என்றார் கணவர் கூடத்திலிருந்து. அதோடு பாத்திரச் சத்தம் குறைந்தது.

அளவுக்காரம்மா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை இரண்டு பெட்டிகள், ஒன்று நாத்தனாருக்கு. அவளை அன்று ஒரு நாளைக்கு இரண்டாவது மேஜையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். இருவருக்கும் மூக்கும் வாயும் இறுக மூடுகிற ரப்பர் முகமூடி கொண்டுவந்திருந்தார். அளக்கிற குழாய் முகமூடிக்கு வெளியேதான் இருக்கும், அதனால் முகமூடியைக் கழற்றாமல் வழக்கம் போல வேலை செய்யுங்கள், ஒன்றும் குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்றார்.

சொல்வது சுலபம். இடுப்பில் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும்போது தராசக்காவின் கை தானாகவே நிதானத்துக்குப் போயிற்று. உதறப் போவாள், ஆள் பார்க்கிற நினைப்பு வரும், கை நின்றுவிடும். வேண்டுமென்றே பலமாக உதறினால் அதுவும் பொய்தானே என்று தோன்றும். வழக்கம் போல என்பது எப்படி என்றே மறந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு மூட்டைதான் முடிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அளவுக்காரம்மா குறிப்பேட்டில் எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் நிலைமையைப் பார்த்தாள். பெரியப்பா மகன் கல்யாணக் கதையை எடுத்தாள். அந்தக் கல்யாணப் போட்டோவில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று நடந்த சண்டை குடும்பத்தில் ஆறு வருடமாக ஓடுகிறது. அதில் தராசக்காவுக்கு ஒரு கட்சி உண்டு, நாத்தனாருக்கு நேர் எதிர்க் கட்சி. ரப்பர் முகமூடிக்குள்ளிருந்து பேசுவது பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்ததால் இருவரும் கத்த வேண்டியிருந்தது.

"சின்ன அத்தை தானா போய் நின்னாங்க அண்ணி, யாரும் கூப்பிடலை."

"யாருடி கூப்பிடலைன்னது? போட்டோக்காரரே கையைப் பிடிச்சு இழுத்தாரு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீங்க அப்ப சாப்பிடப் போயிட்டீங்க."

"நானா?"

சாப்பிடப் போகவில்லை என்று நிரூபிப்பதற்குள் ஐந்தாவது மூட்டை முடிந்திருந்தது. அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தோம் என்பதுவரை போவதற்குள் எட்டு. கை தன்பாட்டுக்கு உதறியது, அழுத்தியது, மடித்தது. புஸ், புஸ் என்று ஒவ்வொரு மூட்டையும் மூச்சு விட்டது. கலவை இயந்திரக்காரர் உறைகளை எடுக்க வந்து, நியாயம் சொல்லப் பார்த்தார். இரு கட்சியும் அவரைத் திட்டி அனுப்பின. சாயங்காலம் இரண்டு மேஜையிலும் சேர்த்து இருபத்தாறு மூட்டை. அளவுக்காரம்மா பெட்டிகளை அவிழ்க்கும்போது, கடைசியில் போட்டோவில் யார்தான் நின்றது என்று மெதுவாகக் கேட்டார்.

அறிக்கை வந்தது. முதல் நாள் அளவைப் போலப் பதினோரு மடங்கு. அதிலும் பாதிக்கு மேல் மூட்டையைத் தட்டையாக்குகிற அந்த ஒரு நொடியிலும், காற்றுக் குழாயால் ஊதுகிற நேரத்திலும் வந்தது என்று பிரித்து எழுதியிருந்தார். அந்த வரியைத் தராசக்கா இரண்டு முறை படித்தாள். சுத்தம் என்று நினைத்துச் செய்த இரண்டு வேலைகள். அன்றைக்கே காற்றுக் குழாயை எடை அறைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். இருவரையும் மூச்சுப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். குழாய்க்குள் பலமாக ஊதச் சொன்ன டாக்டர், இப்போதைக்கு இருவருக்கும் சரியாக இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை வந்து ஊதிவிட்டுப் போங்கள் என்றார். இப்போதைக்கு என்ற வார்த்தையைத் தராசக்கா வழியெல்லாம் யோசித்தாள். பிறகு, எந்த டாக்டர்தான் எப்போதைக்கும் என்று சொல்லியிருக்கிறார் என்று தேற்றிக்கொண்டாள்.

வாங்குகிற நிறுவனத்துக்கு மேனேஜர் இரண்டாவது அறிக்கையையும், கூண்டுகளுக்குச் சொல்லியிருக்கிறோம் என்ற கடிதத்தையும் அனுப்பிவைத்தார். கோபிப்பார்கள் என்று பயந்திருந்தவருக்கு, கூண்டு வரும்வரை காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த யோசனை தனக்கு முதலிலிருந்தே இருந்தது என்று அவர் இரண்டு பேரிடம் சொன்னதாகக் கேள்வி.

கூண்டுகள் வந்தன. யாரோ ஆறடி ஆளை நினைத்துச் செய்திருந்தார்கள். ஓட்டைக்குள் கை விட்டால் தராசக்காவின் மோவாய் மேஜை விளிம்பில் இடித்தது. நாத்தனாருக்குக் கச்சிதமாக இருந்தது. அதை அவள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொருத்துகிறவர் வந்து ஓட்டையைக் கீழே இறக்க முடியாது, ஆளைத்தான் மேலே ஏற்ற வேண்டும் என்று காலடியில் ஒரு மரப்பலகையும் உயர ஸ்டூலும் செய்து கொடுத்தார். ஓட்டையில் பொருத்தியிருந்த ரப்பர் கையுறையோடு கரண்டி பிடிக்கையில் முதல் வாரம் எண்கள் கேட்ட இடத்தில் நிற்கவில்லை. நானூற்று அறுபது, நானூற்று நாற்பத்திரண்டு என்று ஓடின. பதினோரு வருட ஆள் மறுபடியும் கற்றுக்குட்டியாகி உட்கார்ந்திருந்தாள். ஏழு மூட்டை, எட்டு மூட்டை என்று போயிற்று. சூப்பர்வைசருக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியிருக்கும். மூன்றாவது வாரம் கைக்கு அந்த ரப்பர் பழகியது. பதின்மூன்று வந்தது. வெறும் மூட்டையைக் கூண்டுக்குள்ளேயே சுருட்டி, உறையில் போட்டுக் கட்டி வெளியே எடுக்கிற ஒரு முறையை நாத்தனார் கண்டுபிடித்தாள். அதற்குப் பின் பதினான்கு. உடுப்பு வீட்டுக்கு வருவதில்லை, தொழிற்சாலையிலேயே துவைத்துவிடுகிறார்கள். ஒருநாள் குளித்துவிட்டு வந்து மூக்கைச் சிந்திய தராசக்கா, கைக்குட்டையை விளக்குக்கு நேரே பிடித்துக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது. "இதுக்கா கூப்பிட்டே?" என்று அவர் முகம் சுளித்தார். ஆனாலும் குனிந்து பார்த்தார்.

மூன்றாவது முறை அளவுக்காரம்மா வந்தபோது தராசக்கா அறையைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டும் போலக் கை துறுதுறுத்தது. அதை மடித்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கென்று பத்தாவது மூட்டை கூண்டுக்குள் கொண்டுபோகிற வழியிலேயே கிழிந்து, கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. ஈரத்துணி போட்டு ஒற்றி எடுத்தார்கள். போயும் போயும் இன்றைக்கா என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் அளவுக்காரம்மா ஒரு தாளை நீட்டினார். முந்தைய தாள்களில் இல்லாத ஒரு கேள்வியைக் கடைசியில் சேர்த்திருந்தார். இன்று நடந்தது உங்கள் வழக்கமான வேலை நாள்தானா, இல்லையென்றால் என்ன வித்தியாசம்? இப்போது எல்லா இடத்திலும் இதைக் கேட்கிறேன் என்றார்.

தராசக்கா தலைமுடிக்குள் தேடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாத்தனார் கைப்பையோடு வாசலில் நின்று, "ஆமாம்னு எழுதிட்டு வாங்க அண்ணி, பஸ் போயிடும்," என்றாள்.

"இரு," என்றாள். யோசித்து, சரிந்த எழுத்தில் எழுதினாள்: பதினான்கு மூட்டை. பத்தாவது கிழிந்து சிந்தியது. இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை.

கீழே தன் பெயரை எழுதினாள். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர். தாளைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நாத்தனாரின் பின்னால் ஓடினாள்.